குதிரையின் காலுக்குப் பொறுப்பாளி யார்? குமரி மாவட்டக் குதிரைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

கன்னியாகுமரி மாவட்டத்தில் பந்தயத்திடல் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. ஆயினும் தோவாளைப் பக்கத்திலும் கொட்டாரத்தைச் சுற்றியும் தென்னந்தோப்புகளுக்குள் ஓலைக் கொட்டகை போட்டுக் குதிரை வளர்ப்பவர்கள் சிலர் இருக்கிறோம். பெருநகரத் திடல்களில் ஓடி ஓய்ந்த குதிரையையோ, நாட்டுக் குதிரையையோ வாங்கிப் பழக்கி, ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி, கோயில் கொடைத் திருவிழாக்களையொட்டி நடக்கும் குதிரை வண்டிப் பந்தயங்களுக்குக் கொண்டுபோகிறோம். ஜெயித்தால் யார் பெயரைச் சொல்ல வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. குதிரை நொண்டினால் யாரைக் கேட்க வேண்டும் என்பதுதான் பெரும்பாலும் தெரிவதில்லை. ஓட்டக் குதிரையின் கால் நலத்துக்கும் உயிருக்கும் யார் பொறுப்பேற்க வேண்டும், அவர் அன்றாடம் என்னென்ன செய்ய வேண்டும் என்பதை, என் அனுபவத்தில் கண்டதையும் கால்நடை மருத்துவர்களிடம் கேட்டு அறிந்ததையும் வைத்து எழுதுகிறேன்.

முதலில் ஒருவரை நியமியுங்கள்

நான் பராமரித்த செந்நிறப் பெண்குதிரை ஒன்றின் கதையைச் சொல்லியாக வேண்டும். அதன் உரிமையாளர் வளைகுடாவில் இருந்தார். பந்தயத்துக்குப் பணம் கட்டியவர் அவருடைய மச்சான். வண்டி ஓட்டுபவர் வேறொருவர். தீனி போட்டுத் தேய்த்துவிட்டது நான். பந்தயத்துக்கு முந்தைய மாலை இடது முன்காலின் பின்பக்க நரம்பில் (தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணைத்தான் நரம்பு என்கிறேன்) கை வைத்தபோது, மற்றக் காலைவிடச் சற்றே சூடாக இருந்தது. ஓட்டுபவரிடம் சொன்னேன். "சூடு கொஞ்சந்தானே இருக்கு அண்ணாச்சி, ரெண்டு எட்டு ஓடுனா சரியாயிரும்" என்றார். தொலைபேசியில் உரிமையாளர், "நீங்க பாத்து செய்யுங்க அண்ணாச்சி" என்றார். யாரோ ஒருவர் வலி தெரியாமலிருக்க ஊசியும் போட்டுவிட்டார். நான் வேண்டாம் என்று முணுமுணுத்தேனே தவிர, குதிரையை வண்டியிலிருந்து அவிழ்க்கவில்லை. கடைசி அரைக் கிலோமீட்டரில் அந்த நரம்பு விட்டுப்போனது. இன்றைக்கும் அந்தக் காலின் பின்பக்கம் வில்லைப்போல் வளைந்து புடைத்திருக்கிறது. அதன்பின் அது ஓடவில்லை. அன்று இதில் தொடர்புடையவர்களில் கெட்டவர் என்று யாருமில்லை. முடிவெடுக்கும் பொறுப்பு இன்னாருடையது என்று எழுதிவைக்காததுதான் குறை.

ஆகவே குதிரை வாங்கிய அன்றே செய்ய வேண்டிய முதல் வேலை, "இன்று இது ஓடாது" என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு என்பதை உரிமையாளர் ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுப்பதாகும். அந்த ஆள் குதிரையைத் தினமும் தொட்டுப் பார்ப்பவராக இருக்க வேண்டும். பந்தயத்துக்குப் பணம் கட்டியவராகவோ பந்தயம் கட்டுபவராகவோ இருக்கக் கூடாது. அவர் வேண்டாம் என்று சொன்னபின் அதை மாற்றும் உரிமை மருத்துவர் ஒருவருக்கு மட்டும் இருக்கலாம். உரிமையாளருக்குக்கூட இருக்கக் கூடாது என்பது என் கருத்து. கட்டிய நுழைவுப் பணம் போனால் போகட்டும் என்பதையும் அதே தாளில் எழுதிவிடுவது நல்லது, ஏனெனில் கடைசி நேரத்தில் வாக்குவாதம் பெரும்பாலும் அந்தப் பணத்தைப் பற்றியே எழுகிறது.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய சிக்கல் அன்று. அமெரிக்காவில் சான்டா அனிட்டா திடலில் 2018 டிசம்பரில் தொடங்கிய பருவத்தில், ஆறு மாதங்களுக்குள் 30 குதிரைகள் இறந்தன. அதற்குப்பின் 2020இல் அந்நாட்டில் குதிரைப் பந்தயப் பாதுகாப்புக்கென்றே தனிச் சட்டம் வந்தது; 2022 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த அதன் விதிகளில் ஒவ்வொரு குதிரைக்கும் "பொறுப்பாளி" என்று ஒருவர் பதிவு செய்யப்பட வேண்டும்; பெரும்பாலும் அவர் பயிற்சியாளராக இருப்பார். நம் நாட்டிலும் 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, நோயோ புண்ணோ முதுமையோ காரணமாக வேலைக்குத் தகாத விலங்கை வேலை வாங்குபவரை மட்டுமல்லாமல், அதற்கு இடங்கொடுக்கும் உரிமையாளரையும் குற்றவாளியாகக் கொள்கிறது. தக்க கவனமும் மேற்பார்வையும் செலுத்தத் தவறினாலே உரிமையாளர் குற்றம் செய்தவராகக் கருதப்படுவார் என்றும் அதே பிரிவு சொல்கிறது. "நான் துபாயில் இருந்தேன், எனக்குத் தெரியாது" என்பது அங்கே செல்லாது.

விடியற்காலைக் கைப்பார்வை

பொறுப்பாளி தினமும் செய்ய வேண்டிய வேலைகளில் தலையாயது, தீனி வைப்பதற்கு முன், குதிரை இரவெல்லாம் நின்ற குளிர்ந்த காலைத் தொட்டுப் பார்ப்பது. ஒரே ஆள், ஒரே நேரத்தில், ஒரே வரிசையில் பார்க்க வேண்டும். ஆள் மாறினால் "நேற்று எப்படி இருந்தது" என்ற நினைவு கைக்கு இருக்காது.

இடது முன்காலில் தொடங்குங்கள். முழங்காலுக்குக் கீழே, நீள எலும்பின் பின்பக்கம் கயிற்றைப்போல் இறங்கும் நரம்பை, பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து மேலிருந்து கீழாக வழித்து வாருங்கள். அது விளிம்பு கூர்மையாக, இறுக்கமாக, தனித்தனியாகப் பிடிபட வேண்டும். எங்கேனும் விளிம்பு மழுங்கி, விரலுக்கடியில் நனைந்த துணிபோல் தோன்றினால் அங்கே நீர் கோத்திருக்கிறது. பிறகு புறங்கையை வைத்துச் சூடு பாருங்கள். உள்ளங்கையைவிடப் புறங்கை நுட்பமாகச் சொல்லும். உடனே வலது காலில் அதே இடத்தைத் தொட்டு ஒப்பிட வேண்டும். இரண்டு கால்களும் சமமாக இருந்தால் சற்றுச் சூடு இருப்பினும் அஞ்ச வேண்டியதில்லை. ஒன்று மட்டும் வேறாக இருந்தால், அந்த வேறுபாடு எவ்வளவு சிறியதாயினும் அன்று ஓட்டம் கிடையாது. அடுத்து, குளம்புக்கு மேலுள்ள கணுவின் பின்பக்கம் இருபுறமும் விரல் வைத்து நாடி பார்க்க வேண்டும். நலமான காலில் அந்த நாடி தேடித்தான் கிடைக்கும். விரலைத் தட்டுமளவுக்குத் துடித்தால் குளம்புக்குள் சீழோ அழற்சியோ இருக்கக்கூடும், மருத்துவரை அழைத்துவிடுங்கள்.

இதன்பின் கெட்டியான சமதரையில் கடிவாளக் கயிற்றைத் தளர்த்திப் பிடித்துக்கொண்டு, சிறு ஓட்டமாக 30 மீட்டர் போய்வரச் செய்து தலையைக் கவனியுங்கள். முன்காலில் வலி இருந்தால், வலிக்கும் கால் தரையில் ஊன்றும்போது தலை மேலே எழும்பும். நல்ல கால் ஊன்றும்போது கீழே இறங்கும். பலர் இதைத் தலைகீழாக எண்ணிக்கொண்டு நல்ல காலுக்கு எண்ணெய் தேய்ப்பதைப் பார்த்திருக்கிறேன். பின்காலாயின் பின்னால் நின்று இடுப்பைப் பார்க்க வேண்டும். வலிக்கும் பக்கத்து இடுப்பின் ஏற்ற இறக்கம் கூடுதலாகத் தெரியும்.

ஓய்விலிருக்கும் குதிரைக்கு உடல்வெப்பம் 99 முதல் 101.5 டிகிரி ஃபாரன்ஹீட், நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16 என்ற அளவில் இருக்கும். நாடியைத் தாடை எலும்பின் அடிவிளிம்பில் ஓடும் இரத்தக்குழாயில் பார்க்கலாம். ஆனால் புத்தகத்து அளவைவிட, உங்கள் குதிரையின் வழக்கமான அளவு எது என்பதே முக்கியம். அதற்காகத்தான் ஒரு நோட்டு வேண்டும். தேதி, வெப்பம், நாடி, நான்கு கால்கள், தின்ற தீனி, போட்ட சாணம், அன்றைய வேலை ஆகியவற்றை ஒரு வரியில் எழுதினால் போதும்.

எலும்பு ஒடியத் தொடங்குவது பந்தய நாளில் அல்ல

ஓட்டத்தில் கால் ஒடிந்தால் பள்ளத்தையும் கல்லையும் குறை சொல்வது வழக்கம். கலிபோர்னியாவில் 1990 முதல் திடல்களில் இறந்த குதிரைகளைப் பிணக்கூறு செய்து பார்த்து வருகிறார்கள். எலும்பு முறிந்து இறந்தவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அதே இடத்தில் பழைய விரிசலோ தேய்மானமோ முன்பே இருந்தது தெரியவந்தது. நாலுகால் பாய்ச்சலில் ஒரு முன்கால் ஊன்றும் கணத்தில் குதிரையின் உடல் எடையைப்போல் இரண்டரை மடங்கு பாரம் அதன்மேல் இறங்குகிறது. அந்தப் பாரத்துக்கு ஏற்ப எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்; ஆனால் பழைய எலும்பை அரித்து எடுக்கும் வேலை சில வாரங்களில் முடிந்துவிடுகிறது, புதிய எலும்பை நிரப்பும் வேலைக்கு மாதக்கணக்கில் ஆகிறது. இந்த இடைவெளியில் எலும்பு மெலிந்திருக்கிறது, வெளியே ஒன்றும் தெரிவதில்லை.

இதனால்தான் நெடு ஓய்விலிருந்து திரும்பும் குதிரையே மிகவும் ஆபத்தில் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு மாதம் கொட்டகையில் கட்டிவைத்துவிட்டு, தை பிறந்ததும் பந்தயம் அறிவித்துவிட்டார்கள் என்று மூன்றே வாரத்தில் வேகம் ஏற்றுவது நம் பக்கத்து வழக்கமாகவே ஆகிவிட்டது. மூச்சும் தசையும் மூன்று வாரத்தில் தேறிவிடும், குதிரையும் துள்ளிக்கொண்டு நிற்கும், எலும்பு தேறியிருக்காது. ஒரு மாதம் நடையும் சிறு ஓட்டமும், அடுத்த மாதம் நிதான ஓட்டம், அதன்பின் வாரத்துக்கு ஒரு தடவை மட்டும் குறைந்த தூர வேக ஓட்டம் என்று ஏற்றிக்கொண்டு போவதே முறை. நரம்பு அடிபட்ட குதிரைக்கு 9 முதல் 12 மாத ஓய்வு தேவைப்படும் என்பதால், வீக்கம் வடிந்துவிட்டதே என்று ஆறு வாரத்தில் வண்டியில் பூட்டுவது அதே நரம்பை மறுபடியும் அறுப்பதற்குச் சமம்.

பயிற்சிக்குச் சொத்தவிளைக் கடற்கரை மணல் உகந்ததென்று பலர் காலையில் குதிரையை ஓட்டிப்போகிறார்கள். அலை நனைத்த கெட்டி மணலில் நடையும் சிறு ஓட்டமும் நல்லதே. ஆனால் காய்ந்த ஆழ்மணலில் வேகமாக ஓட்டினால் குளம்பு புதைந்து பின்பக்க நரம்பு அளவுக்கு மேல் இழுபடும். கரையின் சரிவில் ஒரே திசையில் ஓட்டினால் ஒரு பக்கத்துக் கால்களே பாரத்தைத் தாங்கும். போகும் தூரம் திரும்பியும் வர வேண்டும். தார்ச்சாலையில் வேக ஓட்டம் கூடவே கூடாது என்பது என் நிலைப்பாடு. பந்தயமே தார்ச்சாலையில்தானே நடக்கிறது என்று கேட்பவர்களுக்கு, அந்தப் பந்தயத்துக்கு அந்தக் குதிரையைக் கொண்டுபோக வேண்டுமா என்பதிலிருந்தே யோசியுங்கள் என்றுதான் சொல்வேன்.

நம் ஊர்ப் புழுக்கமும் வியர்வையும்

குமரிக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. இடைப்பட்ட மாதங்களில் கடற்காற்றின் ஈரம் உண்டு. குதிரை தன் உடல்சூட்டை வியர்வையால்தான் தணித்துக்கொள்கிறது. காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை உலராது, சூடும் இறங்காது. கடும் உழைப்பில் மணிக்கு 10 முதல் 15 லிட்டர் வரை வியர்க்கும், அந்த வியர்வையில் இரத்தத்தில் உள்ளதைவிட உப்பு கூடுதல். 500 கிலோ எடையுள்ள குதிரைக்குச் சாதாரண நாளிலேயே ஏறத்தாழ 30 கிராம் உப்பைத் தீனியில் சேர்க்க வேண்டும். வியர்த்த நாளில் அதற்கும் மேல்.

ஓடி வந்த குதிரைக்குக் குளிர்ந்த தண்ணீர் ஊற்றக் கூடாது, குடிக்கவும் கொடுக்கக் கூடாது என்று எனக்குக் கற்றுக்கொடுத்த பெரியவர்கள் சொன்னார்கள். நானும் நெடுநாள் அப்படியே செய்தேன். அது தவறு. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கையொட்டி, புழுக்கத்தில் குதிரைகளை எப்படிக் குளிர்விப்பது என்று விரிவாக ஆராய்ந்தார்கள். உடல் முழுவதும் விடாமல் குளிர்ந்த நீர் ஊற்றுவதே விரைவான வழி என்றும், அதனால் தசை பிடித்துக்கொள்வதில்லை என்றும் தெரிந்தது. ஆகவே நிழலில், காற்று வரும் இடத்தில் நிறுத்தி, கழுத்து, மார்பு, வயிறு, தொடை என்று வாளி வாளியாக ஊற்றுங்கள். நடுநடுவே சிறிது நடத்துங்கள். குடிநீரும் வேண்டிய மட்டும் வைக்கலாம். அரைமணி நேரத்துக்குப் பிறகும் நாடி 60க்குக் கீழ் இறங்கவில்லையென்றால் அது களைப்பு மட்டுமல்ல, மருத்துவர் பார்க்க வேண்டிய நிலை.

வெளியூரிலிருந்து வந்த குதிரைகளில் சில, நம் ஈரக்காற்றில் சில மாதங்கள் இருந்தபின் வியர்ப்பதையே நிறுத்திவிடும். மூச்சு வாங்கும், மேல்தோல் மட்டும் காய்ந்திருக்கும். வியர்வையே இல்லை, நல்ல தேறிய குதிரை என்று மகிழ்ந்துவிடக் கூடாது. அதை ஓட்டினால் சூட்டிலேயே விழுந்துவிடும். இடம் மாற்றுவதைத் தவிர அதற்கு நிச்சயமான மருந்தில்லை.

தீனியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு வரை காய்ந்த புல்லாகவே போக வேண்டும். காணமும் (கொள்ளும்) தவிடும் அதற்குமேல் சிறுசிறு வேளைகளாகத்தான். பந்தயம் வருகிறதென்று ஒரே நாளில் காணத்தை இரட்டிப்பாக்கினால் வயிற்று நோவும் குளம்பு அழற்சியும் வரும். குளம்பை நாள்தோறும் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டும், மழைக்காலத்தில் இரு வேளையும். இல்லையேல் அடிப்பாகம் அழுகி நாற்றமெடுக்கும். லாடம் 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை மாற்றப்பட வேண்டும். குதிரைக்கு மிக எளிதில் தொற்றுவது வில்வாத ஜன்னி, அதாவது டெட்டனஸ். ஆகவே அந்தத் தடுப்பூசியை எந்த ஆண்டும் தவறவிடாதீர்கள். ஆணி குளம்பில் ஏறிவிட்டால், மேலும் ஆழமாக ஏறும் நிலை இல்லாதவரை, மருத்துவர் வந்து அது எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று பார்க்கும்முன் பிடுங்க வேண்டாம்.

வாங்கும்போதே குதிரையின் அடையாளச் சீட்டையும் உடலில் பொருத்திய மைக்ரோசிப் எண்ணையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். கிளாண்டர்ஸ் நோய்க்கான இரத்தப் பரிசோதனையும் செய்ய வேண்டும். மூக்கில் சளியும் புண்ணும் தோலில் கட்டிகளுமாக வரும் அந்நோய் மனிதருக்கும் தொற்றும் என்பதால், ஐயம் வந்தாலே கால்நடைத் துறைக்குத் தெரிவிப்பது சட்டப்படியான கடமை.

பந்தயத்தன்று

வண்டியில் ஏற்றும்போதே சட்டம் தொடங்கிவிடுகிறது. 1978ஆம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகளின்படி, பயணத்துக்குத் தகுதியானது என்ற மருத்துவச் சான்று வேண்டும். தளத்தில் வழுக்காத விரிப்பும் குதிரைகளுக்கிடையே மூங்கில் தடுப்பும் வேண்டும். எதிர்வரும் வாகனங்களைப் பாராதபடி தலை இடப்பக்கம் இருக்க வேண்டும். ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றுக் காலத்தில் தார்ப்பாய் படபடவென்று அடிக்கும். அதை இழுத்துக் கட்டாவிட்டால் குதிரை மிரண்டு உள்ளேயே காலை உடைத்துக்கொள்ளும்.

போய்ச் சேர்ந்ததும், பாதையைப் பொறுப்பாளி நடந்தே பார்க்க வேண்டும், பைக்கில் போய்ப் பார்ப்பது பயன்படாது. திருப்பம், வேகத்தடை, சிந்திக்கிடக்கும் ஜல்லி, கூட்டத்தைத் தடுக்கும் கயிறு, முடியும் இடத்துக்கு அப்பால் குதிரை நிதானித்து நிற்க விடப்பட்டிருக்கும் தூரம் ஆகியவற்றில் எது குறைந்தாலும் நடத்துபவர்களிடம் சொல்லுங்கள். மருத்துவர் இருக்கிறாரா என்று கேளுங்கள், இல்லையென்றால் திரும்பிவிடுங்கள். 1965ஆம் ஆண்டின் பார வண்டி விலங்குகள் விதிகள், வெப்பம் 37 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடங்களில் நண்பகல் 12 முதல் 3 மணி வரை விலங்கை வண்டியில் பூட்டுவதைத் தடுக்கின்றன. தலைவர் வரத் தாமதமாகிவிட்டது என்று காலைப் பந்தயத்தை உச்சிவெயிலுக்குத் தள்ளும்போது இதை நினைவூட்டத் தயங்காதீர்கள்.

வலி ஊசியைப் பற்றி ஒரே வாக்கியம்: ஊசி போட்டால்தான் ஓடும் என்ற நிலையிலுள்ள குதிரை, ஓடத் தகாத குதிரை. வலிதான் அதைக் காலை மெல்ல ஊன்றச் செய்கிறது. வலியை மறைத்துவிட்டால், விரிசல் விட்ட எலும்பின்மேல் அது முழுப் பாரத்தையும் இறக்கிவிடும்.

விபத்து நேர்ந்துவிட்டால் முதலில் தலையைப் பிடித்து அசையாமல் நிறுத்துங்கள். எழுப்பி நடத்திப் பார்க்கும் ஆர்வலர்களை விலக்குங்கள். கணுக்குக் கீழே தொங்கும் காலுக்குப் பஞ்சும் துணியும் கனமாகச் சுற்றி, நெடுக்காகப் பிளந்த பிவிசி குழாயை வைத்துக் கட்டலாம். இரண்டு பிளந்த குழாய்களை முன்கூட்டியே வண்டியில் போட்டு வைத்திருங்கள். 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம். இராமையன்பட்டியிலுள்ள திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரி நம் பக்கத்துக்கு அண்மையிலுள்ள பெரிய இடம். முன்கால் அடிபட்டிருந்தால், பிரேக் போடும்போது பாரம் பின்கால்களில் விழும்படி, அந்த ஒரு பயணத்துக்கு மட்டும் தலையை வண்டியின் பின்பக்கம் நோக்கி வைத்து ஏற்ற வேண்டும். தேறாது என்று மருத்துவர் சொன்னால், வேதனையில்லாமல் முடித்துவைக்கச் சம்மதம் தரும் அதிகாரமும் அதே பொறுப்பாளிக்கு முன்பே எழுதிக் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். வளைகுடாவிலிருந்து உரிமையாளர் தொலைபேசியை எடுக்கும்வரை ஒடிந்த காலுடன் நிற்கும் குதிரையை நான் பார்த்திருக்கிறேன். இனிப் பார்க்க விரும்பவில்லை.

நல்லபடியாக ஓடி முடித்தாலும் வேலை முடியவில்லை. மறுநாள் விடியலில் எடுக்கும் கைப்பார்வைதான் எல்லாவற்றிலும் முக்கியமானது, ஏனெனில் ஓட்டத்தில் நேர்ந்த சிறு கிழிசல் அன்றிரவுதான் வீக்கமாகத் தெரியத் தொடங்கும். அன்றும் அதற்கடுத்த இரண்டு நாளும் நோட்டில் தவறாமல் எழுதுங்கள். குதிரையை என்றாவது விற்க நேர்ந்தால், அந்த நோட்டையும் அடையாளச் சீட்டோடு சேர்த்து வாங்குபவர் கையில் கொடுத்து, எந்தக் கால், எந்தத் தேதியில், எவ்வளவு சூடாக இருந்தது என்ற பக்கத்தை நீங்களே திறந்து காட்டுங்கள்.